நம் இரண்டு பேர் நாக்கும் அமுதாவின் குழம்பும்

ஓசூரில் இருக்கும் என் மகனுக்கு,

நலம் விசாரிப்பதை எல்லாம் போனிலேயே முடித்துவிட்டோம். நீ நன்றாக இருக்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன், உன் நைனாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, மாடு சினையாக இருக்கிறது. பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. நான் படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்து கோணலாக இருக்கும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விஷயத்தை விட்டுவிடாதே. பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. உன் பெண்டாட்டி அமுதா உன்னோடு ஓசூருக்கு வருவாளா மாட்டாளா என்பது இதில்தான் இருக்கிறது.

போன மாதம் போனில் நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவு இருக்கிறது. எனக்கு எதுதான் மறந்திருக்கிறது? "கம்பெனில ஊடு குடுத்துட்டாங்கம்மா. ஆனா அமுதா உன்கிட்ட நல்லா சமைக்கக் கத்துக்கட்டும், அப்புறமா வந்து கூட்டிகினு போறேன். அவ அம்மா ஊட்ல எத்தினி நாள் வேணா இருந்துட்டே வரட்டும்" என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். மகன் என் கைப்பக்குவத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லாத குறைதான். உன் நைனாவிடம் இரண்டு தரம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் போய்விட்டார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். அந்த மனிதர் பேசாமல் எழுந்து போனால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அமுதா அம்மா வீட்டுக்குப் போன சங்கதியை நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது, நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். நீ லீவில் வந்திருந்தாய். கோடு போட்ட லுங்கி கட்டிக்கொண்டு, டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு முதல் நாள்தான் அவள் அம்மா பொன்னேரியிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு பை நிறைய சென்னாகுனி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஏரிக் கரை ஊர்க்காரர்கள் அல்லவா, பொடி இறாலைக் காயவைத்து, மணல் போகப் புடைத்து, மீசை கொம்பெல்லாம் உதிர்த்துச் சுத்தமாகத்தான் கொடுத்தாள். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அமுதா அதை வறுத்து, கத்திரிக்காயும் தக்காளியும் போட்டுக் குழம்பு வைத்தாள். சட்டியை இறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளை, எல்லாக் கேள்வியும் தெரிந்த மாதிரி ஒரு முகம் வைத்திருக்குமே, அப்படி.

நீ ஒரு வாய் சாப்பிட்டாய். "இன்னா இது, வெந்நீர்ல புளி கரைச்ச மாதிரி கீது? ருசின்னு ஒண்ணு வேணாவா?" என்றாய். டிவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. நம் வீட்டில் யார் சமைத்தாலும் உப்பு பார்ப்பது மூத்தவள்தான் என்பது உன் பாட்டி காலத்திலிருந்து வருகிற நடைமுறை. நான் கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை. உப்பு குறைச்சல், காரம் குறைச்சல், வேறு என்ன இருக்கிறது? ஒரு பிடி கல்லுப்பும் இரண்டு ஸ்பூன் மிளகாய்த் தூளும் போட்டுக் கிளறி விட்டேன். நீ இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாய். "இப்பதாம்மா கொழம்பு" என்றாய். அமுதா சாயங்காலம் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை நாஷ்டா எல்லோருக்கும் செய்து வைத்துவிட்டு, "அம்மாவப் பாக்கணும் போல கீது அத்தை" என்று சொல்லிப் பஸ் ஏறினாள். நான் இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தேன். பிறகு உன் மாமியார் போன் போட்டாள். "சம்மந்தி, எம் பொண்ணு கொழம்ப உப்பளமாக்கிட்டீங்களாமே. உங்க ஊட்டு நாக்குக்கு உப்பே போதும், எங்க எறாலு எதுக்கு?" என்று கேட்டாள். கல்யாணத்தில் எனக்கு மட்டும் பாக்கு இல்லாத வெற்றிலையை நீட்டியவள் அவள். அதையே நான் இன்னும் மறக்கவில்லை. அதோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது கம்பெனிக் கதைக்கு வருகிறேன். நான் பேக்கிங் வேலைக்குப் போகிறேன் அல்லவா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அந்த சூப் பவுடர் கம்பெனி. காலையில் கம்பெனி பஸ் வந்து ரோட்டில் நின்றதும் நாங்கள் பொம்பளைகள் எல்லாம் அதில் ஏறிவிடுவோம். ஒரு நாள் சாயங்கால டீ நேரத்தில் லேபிலிருந்து ஒரு பெண் வந்தது. திருவள்ளூர்ப் பெண், பெரிய படிப்பு, வெள்ளைக் கோட்டுக்குள் சுடிதார். புது சூப்பை ருசி பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும், பேக்கிங்கில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், யாருக்கு நாக்கு நன்றாக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னது. நான் கை தூக்கவில்லை. எதற்குத் தூக்க வேண்டும்? நேராக எழுந்து முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று சின்னக் கப். மூன்றிலும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அதில் இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும். முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள், சட்டென்று சொன்னேன். பிறகு புளிப்பு, அதுவும் சொன்னேன். பிறகு கசப்பு, முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னேன். கடைசியாக ஒரு மூன்று கப் வைத்தார்கள். என் வாய்க்கு மூன்றும் லேசான உப்புத் தண்ணீர். நான் ஒன்றைக் காட்டினேன். "இல்ல ஆயா, இன்னொரு தரம் பாருங்க" என்றது பெண். மறுபடி கப்பை மாற்றி வைத்தது. மறுபடியும் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனம், என்னோடு ஒரே மிஷினில் நிற்பவள், அவள் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டாள்.

"இன்னா ஆயா, இது தெரியல? நடுவுல கீறது நண்டு ரசம் ஊத்துன வாய் மாதிரி அப்படியே நிக்குதே!"

"எங்க நிக்குது?"

"நாக்கு முச்சூடும்தான்."

"எனக்கு ஒண்ணும் நிக்கல. மூணும் ஒரே தண்ணிதான். உனக்கு அந்தப் பொண்ணு கண்ணு காட்டிச்சி."

"ஐய, ஆயாவுக்குத் தோத்துப்போனா எம்மாங் கோவம் வருது பாரு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. வெற்றிலை போடுகிற வாய், அதனால் மரத்திருக்கும் என்று சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாக, அப்படியும் இருக்கலாம், கொஞ்ச நாள் வெற்றிலையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றது. நிறுத்தினேன். நான், வெற்றிலையை நிறுத்தினேன்! உன் நைனா என்னைக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் சர்க்கரை சரி, புளி சரி, கசப்பு சரி, இது மட்டும் தப்பு. கப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. குருட்டாம்போக்கில் ஒரு தரம் சரியாகச் சொன்னேன், அதற்கும் தனம் கைதட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

எல்லோரும் போன பிறகு நான் நகரவில்லை. "பாப்பா, எங்க ஊர்ல பந்திக்கு என்னக் கூப்ட்டுதான் ருசி பாக்கச் சொல்லுவாங்க. என் நாக்குல இன்னா கொறை?" என்று கேட்டேன். அது உட்கார்ந்து சொல்லிற்று. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போல இதுவும் ஒரு ருசியாம். ஜப்பான்காரன் உமாமி என்று பேர் வைத்திருக்கிறானாம். கருவாடு, காய்ந்த இறால், நண்டு, பழுத்த தக்காளி, காளான் இவற்றில் எல்லாம் இருக்கிறதாம். காரம் மாதிரி சுள்ளென்று வராது, வாய் நிறைந்த மாதிரி இருந்துவிட்டு மெதுவாகப் போகுமாம். அதைப் பிடிப்பதற்கு நாக்கில் கண்ணுக்குத் தெரியாத பூட்டு மாதிரி ஒன்று இருக்கிறது, அந்த ருசி சாவி மாதிரி வந்து அதில் மாட்டினால்தான் மூளைக்குச் செய்தி போகும். அந்தப் பூட்டை எப்படிச் செய்ய வேண்டும் என்பது அம்மா அப்பாவிடமிருந்து நம் உடம்புக்கு வருகிறதாம். மூக்கு, தலைமுடி எல்லாம் வருகிற அதே வழி. சிலருக்குப் பூட்டின் அமைப்பில் துளி வித்தியாசம். அதனால் சிலருக்கு அந்த ருசி பளிச்சென்று தெரியும், சிலருக்கு லேசாகத் தெரியும், கொஞ்சம் பேருக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. "இது வியாதி இல்ல ஆயா. உங்க தப்பும் இல்ல. உங்க நாக்கு அப்படிப் பொறந்தது. பழக்கமும் வயசும்கூட கொஞ்சம் சேரும், எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா மத்ததெல்லாம் இவ்ளோ கரெக்டா சொல்றீங்க, இதுல மட்டும் தடுமாறுறீங்கன்னா, இதாத்தான் இருக்கும்" என்றது. போகும்போது இன்னொன்றும் சொன்னது. தாய்ப்பாலில் அந்த ருசி நிறைய இருக்கிறதாம். எல்லாப் பிள்ளையும் முதலில் குடிப்பதே அதைத்தானாம். நான் இரண்டு பிள்ளைக்குக் கொடுத்ததில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை பார்.

பஸ்ஸில் வரும்போது முதலில் எனக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம். கவரைப்பேட்டை வந்தபோது ஜப்பான்காரன் மேல் கோபம். நம் ஊர் ரோட்டில் இறங்கும்போதுதான் உன் நினைவு வந்தது. சின்ன வயதில் நீ நூடுல்ஸ் பாக்கெட் கேட்டு அழுவாய். வாங்கிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற மசாலா பொட்டலத்தைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் எறிந்துவிடுவாய். வெறும் நூடுல்ஸை வேகவைத்து எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்பாய். ஊரில் எந்தப் பிள்ளையாவது அப்படிச் செய்யுமா? உன் அக்காள் அந்தப் பொட்டலத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் கொட்டி நக்குவாள். இப்போது அவள் மகள், என் பேத்தி, அதே மாதிரி நக்குகிறாள், நான் இரண்டு நாள் முன்னால்கூட அடித்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தால் உன் அக்காள் சட்டியை வழிப்பாள், நீ "மண்ணு மாதிரி கீதும்மா" என்று அப்பளம் கேட்பாய். நானும், பிள்ளைக்குக் கவிச்சி பிடிக்கவில்லை போலிருக்கிறது, என்னை மாதிரியே என்று பெருமையாக விட்டுவிட்டேன். என்னை மாதிரியேதான். அது உண்மை என்று இப்போதுதான் தெரிகிறது.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த உன் நைனாவிடம் போய் நின்றேன்.

"யோவ், உண்மையச் சொல்லு. என் கொழம்பு எப்டி கீது?"

"இன்னாமே காலைலயே?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"நல்லாத்தான் கீது. காரமா, சுருக்குன்னு கீது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா… அது ஒண்ணு இருக்காது."

"எது?"

"அதான்மே. எனக்குச் சொல்லத் தெரியாது. சாப்ட்டப்புறம் வாய்ல நிக்குமே, அது." பிறகு தவிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அதுக்குத்தான் சந்தைக்குப் போறப்ப மெஸ்ல ஒரு நண்டு ரசம் குடிச்சிட்டு வருவேன்."

எத்தனை வருஷத்துச் சங்கதி தெரியுமா இது! ஊத்துக்கோட்டைச் சந்தைக்குக் கத்திரிக்காய் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் "பசியில்லமே" என்று சொல்லிப் படுத்துவிடுவார். நான் என்ன நினைத்தேன்? பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறாளே ஒருத்தி, அவள் வீட்டில்தான் சாப்பாடு நடக்கிறது என்று நினைத்தேன். அத்தனை வருஷமும் அவளிடம் ஒரு முழம் பூ வாங்கியதில்லை. அவள் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன், ஏன் என்று தெரியாமலே அவளும் என்னைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஒரு டம்ளர் நண்டு ரசத்துக்கு. போன சந்தைக்கு நானே போய் அவளிடம் பூ வாங்கினேன். முழத்தைக் குறைத்துத்தான் அளந்தாள். அதைத் தனியாக நினைவு வைத்திருக்கிறேன். உன் நைனாவிடம், "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா இன்னாய்யா?" என்று கேட்டேன். "சொல்லிருந்தா நீ சோறு போட்டிருக்க மாட்டமே" என்றார். அதுவும் சரிதான்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அமுதா நினைவு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நீயும் நானும் சேர்ந்து அந்தச் சட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னோம். அதில் இருந்த ஒன்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் உன் நைனா, அவர் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வைத்த குழம்பு ஒவ்வொன்றுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. நீ ருசியில்லை என்பாய், நான் உப்பை அள்ளிப் போடுவேன், நீ இப்போதுதான் குழம்பு என்பாய்.

லேப் பெண்ணிடம் போய், வீட்டில் வைத்து இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கடையில் சீன உப்பு என்று விற்கிறதே, பாஸ்ட் புட் கடைக்காரர்கள் வாங்குகிறார்களே, அதில் இருப்பது இந்த ருசிதானாம், அதை ஒரு டம்ளர் தண்ணீரில் துளி கலக்கச் சொன்னது. "ஆனா அதுலயும் கொஞ்சம் உப்பு கரிக்கும் ஆயா. மத்த ரெண்டு டம்ளர்லயும் சாதா உப்பு துளி போடுங்க. இல்லன்னா உப்ப வச்சிக் கண்டுபிடிச்சிடுவாங்க, அது நியாயமில்ல" என்றது. எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் நைனாவைக் கிளப்பிக்கொண்டு பொன்னேரி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் உன் மாமியார் வீட்டுக்குப் போய் இறங்கினேன். நான் அவளோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். போனதற்காகப் பேசிவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "அமுதா, உங்க அம்மாகிட்ட மூணு டம்ளர் குடுக்கச் சொல்லு" என்றேன். அவளும், "அமுதா, உங்க அத்தைக்கு எவர்சில்வர் வேணுமா கண்ணாடி வேணுமான்னு கேளு" என்றாள். நடுவில் நின்ற அமுதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு கலக்கினேன். யாருக்கும் கண் ஜாடை கிடையாது. உன் நைனா குடித்தார், சரியாகச் சொன்னார். டம்ளரை மாற்றி வைத்தேன், மறுபடியும் சரி. உன் மாமியார் குடித்தாள், சரி, அதுவும் ரொம்ப அலட்சியமாக. அமுதா நாக்கு நுனியில் வைத்ததுமே, "இதான் அத்தை. எங்க ஊர் எறாலு மாதிரி" என்றாள். பிறகு அவளையே மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு நான் குடித்தேன். தப்பு. மறுபடியும் தப்பு. உன் மாமியார் மூக்கை விடைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேனே, உங்க ஊட்டு நாக்குக்கு உப்பே போதும்னு" என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அவள் சொன்னது உண்மையாகப் போய்விட்டதே, என்ன செய்ய? "அமுதா, உங்க அம்மா சொன்னது நெசம்தான்னு சொல்லு. ஆனா அத போன்ல கத்திச் சொன்னது மரியாதையில்லன்னும் சொல்லு" என்றேன். ஆகவே அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கான காரணத்தைத்தான் மாற்றி வைத்திருக்கிறேன்.

நான் லேப் பெண் சொன்னதையெல்லாம் அமுதாவிடம் சொன்னேன், பூட்டு, சாவி, அம்மா அப்பா வழி, எல்லாம். உன் நூடுல்ஸ் கதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை, நீங்க ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி என் நாக்கு மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சி. இங்க வந்தப்புறம்கூட கொழம்ப எறக்கறதுக்கு முன்னாடி அம்மாவக் கூப்ட்டுப் பாக்கச் சொல்றேன். எட்டாவது படிக்கறப்பலேந்து அடுப்புல நிக்கிறவ நான்" என்றாள். இதைக் கேட்டபோது உன் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன். ஒரு பெண் தன் கையை நம்ப முடியாமல் போவது எனக்குத் தெரியும் கண்ணு. நம் வீட்டுக்கு நான் வந்த புதிதில் உன் பாட்டி என் கோலத்தைத் தினமும் அழித்துப் போடுவாள். புள்ளி சரியாக இருந்தாலும் அழிப்பாள். பிறகு பிறந்த வீட்டு வாசலில்கூட நான் புள்ளியை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் கோலம் போட்டேன். அந்தக் கிழவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவளுக்குப் படையல் போடும்போதுகூட. என்னை ஒருத்தி அப்படி நினைவு வைத்துக்கொண்டு படையல் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

பிறகுதான் அமுதா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்போ உங்க புள்ளைக்கு என் சமையல் எந்தக் காலத்துலயும் ருசிக்காதா அத்தை? ஓசூருக்குப் போயி, நான் தெனமும் ஆக்கி வைக்க, அவரு தெனமும் வெந்நீரு வெந்நீருன்னு சொல்லிகினு இருக்கவா?" ருசிக்கும் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் ரசித்துச் செய்கிற ஒன்று உனக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம். அது அவளுக்கு ஒரு குறைதான், அதை நாம் இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அவனுக்கு மூக்கு கூர்மைம்மா. கடுகு வெடிக்கிற வாசனைய வரப்புல நின்னுகினே கண்டுபிடிப்பான். புளி புதுசா பழசான்னு சொல்லுவான். மொறுமொறுன்னு ஒண்ணு இருந்தா வேற எதுவும் வேணாம் அவனுக்கு. எல்லாமும் மூடியில்ல, ஒரு கதவுதான் மூடிக் கீது" என்றேன். உன் நைனாவும் அன்றைக்கு என்னவோ பெரிய மனது பண்ணி வாயைத் திறந்தார். "நான் சொல்லாம இருந்ததுதாம்மா பேஜாரு. நீ அவனச் சொல்ல வையி" என்றார். கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அமுதா மூன்று டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரு சனிக்கெழம இங்க வரட்டும். நான் ஆக்கிப் போடறேன். எது தெரியுது, எது தெரியலன்னு அவரு வாயால சொல்லட்டும். ருசியில்லன்னு சொல்லக் கூடாது, எனக்குத் தெரியலன்னு சொல்லணும். அது வேற, இது வேற. அத வச்சி அவருக்கு இன்னா வேணுமோ நான் பக்கத்துல தனியா வைக்கிறேன். ஆனா சட்டிக்குள்ள கை வைக்க யாருக்கும் உரிமையில்ல." இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். நான் சரி என்றேன். உன் பாட்டி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒரு அதிகாரம்தான். அதை அன்றைக்கு அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஷேர் ஆட்டோவில் ஏறியதும் உன் நைனா என் கையில் ஒரு வெற்றிலையைச் சுருட்டிக் கொடுத்தார்.

ஆகவே நீ இந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. நேராக நம் வீட்டுக்கு வராதே, பொன்னேரிக்குப் போ. போகும்போது பழம் வாங்கிக்கொள். உன் மாமியாரை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். கையைக் கழுவிக்கொண்டு உட்கார், டிவியை நிறுத்தச் சொல். மெதுவாகச் சாப்பிடு. வாசனை தெரிந்தால் வாசனை என்று சொல். புளிப்பு எங்கே ஏறுகிறது, காரம் எங்கே இறங்குகிறது, கத்திரிக்காய் குழைந்திருக்கிறதா முழுசாக இருக்கிறதா, எல்லாம் சொல். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல். சொல்லிவிட்டு, அது எப்படி இருக்கும் என்று அவளையே கேள். எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீ கேள். உன் பிள்ளைக்கு அவள் நாக்கு வருமோ உன் நாக்கு வருமோ தெரியாது, எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உன்னை நான் அறிவேன். மாமியார் வீடு, எதிரே பெண்டாட்டி, பக்கத்தில் மாமியார், சட்டென்று சமாளித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பாய். அங்கே உட்கார்ந்து "நல்லா கீது" என்று மட்டும் சொல்லிவிடாதே. அமுதா பெட்டியை இறக்கி வைத்திருக்கிறாள், துணி மடித்து வைத்திருக்கிறாள், ஆனால் இன்னும் ஒன்றைக்கூட உள்ளே வைக்கவில்லை. நீ சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வைப்பாள்.

உன் அம்மா